தொலைபேசிக் கம்பியில் பேசிய கணிப்பொறி



இவ்வாண்டு நம் பள்ளியில் நடைபெற்ற பொருட்காட்சியில், பழைய தட்டச்சுப் பொறிக்கும் மண்ணெண்ணெய் விளக்குக்கும் இடையே, கையகல அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டி வைக்கப்பெற்றிருந்ததைப் பலரும் கண்டிருப்பீர்கள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அதனருகே நெடுநேரம் நின்றான். பின்னர், "ஐயா, இது என்ன? இது வேலை செய்யுமா?" என்று வினவினான். பின்னால் ஒரு பெருங்கூட்டம் காத்திருந்தமையால், "இது மோடம், இப்போது வேலை செய்யாது" என்று மட்டும் கூறி அவனை அனுப்பிவிட்டோம். அன்று பாதியில் விட்ட விடையை முழுமையாகத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறி அறிந்த மொழியில் எழுத்துகள் இரண்டே: ஒன்று, சுழியம். தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலைச் சுமப்பதற்கென அமைக்கப்பெற்றது. அக்குரலையும் அது முழுவதுமாகச் சுமப்பதில்லை. நொடிக்கு 300 அதிர்வுக்குக் குறைந்த ஒலியையும், 3,400 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியையும் கழித்துவிட்டு நடுவில் உள்ளதை மட்டுமே கொண்டு செல்கிறது. தொலைபேசியில் அம்மாவின் குரல் சற்று மூக்கடைத்தாற்போல் கேட்பதற்குக் காரணம் இதுவே. இந்தக் குறுகிய வாய்க்காலில் செல்லத்தக்க ஒலியாக எண்களை மாற்றுவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியைத் திரும்பவும் எண்களாக மாற்றுவதும் மோடத்தின் தொழிலாகும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். இணையத்தில் தமிழ் எழுத முற்காலத்தில் வழங்கிய திஸ்கி என்னும் குறியீட்டு முறையில் 'அ' என்னும் எழுத்துக்குரிய எண் 171. அதனை ஒன்றாலும் சுழியத்தாலும் எழுதினால் 10101011 ஆகும். இங்ஙனம் வரும் ஒவ்வோர் ஒன்றையும் சுழியத்தையும் ஒரு பிட்டு என்பர். நொடிக்கு 300 பிட்டு மட்டுமே அனுப்பிய பழைய மோடங்களில் ஒரு வகையில், அழைக்கும் மோடம் 'ஒன்று' வரும்போது 980 அதிர்வுள்ள ஒலியையும், 'சுழியம்' வரும்போது 1,180 அதிர்வுள்ள ஒலியையும் எழுப்பும். விடையளிக்கும் மோடத்துக்கு 1,650, 1,850 என வேறு இரண்டு ஒலிகள் உண்டு. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒன்றன் பேச்சு மற்றதன் பேச்சோடு கலப்பதில்லை. நாதசுரமும் தவிலும் ஒருங்கே ஒலிக்கும்போது நம் செவி இரண்டையும் பிரித்தறிவதில்லையா, அதுபோலத்தான்.

பின்னர் வந்த அறிஞர்கள் ஒலியின் அதிர்வை மட்டுமன்றி அதன் வலிமையையும், அலை தொடங்கும் இடத்தையும் மாற்றிப் பல வடிவங்களை உண்டாக்கினர். 1984ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஒரு முறையில் 16 வடிவங்கள் உண்டு. பதினாறில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பினால் நான்கு பிட்டு ஒருங்கே சென்றுவிடும். நொடிக்கு 600 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் 4 பிட்டு; ஆக 2,400 பிட்டு. 1998ஆம் ஆண்டில் வந்த முறை, அழைப்பவர் பெறும் பக்கத்தில் 56,000 வரை உயர்ந்தது. மோடத்தின் வேகம் அதற்குமேல் பெரிதாக உயரவில்லை, வாய்க்கால் அவ்வளவுதான்.

இனி, அந்தக் கறுப்புப் பெட்டி நம் பள்ளிக்கு வந்த கதைக்கு வருவோம்.

நம் நாட்டில் இணையச் சேவையை முதலில் தந்தது மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங். அது 1992ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1996ஆம் ஆண்டில் டிஎம்நெட் வந்தது. மோடத்தை 1511 என்னும் எண்ணுக்கு அழைக்கச் செய்தால் ஜாரிங்கும், 1515 என்னும் எண்ணுக்கு அழைக்கச் செய்தால் டிஎம்நெட்டும் விடையளித்த காலம் அது. கிள்ளானுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்த நம் பள்ளிக்கு 2002ஆம் ஆண்டில்தான் முதற் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பழைய பொறி அது. 133 மெகாஹெர்ட்ஸ் பெண்டியம், 32 மெகாபைட் நினைவகம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அதனை உரமூட்டை ஏற்றும் லாரியில், இரு சாக்குகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தனர். அதன் வட்டு முற்றிலும் அழிக்கப்பெற்றிருந்தது. இயக்க மென்பொருளை விலைக்கு வாங்கப் பள்ளியில் பணம் இல்லை. போர்ட் கிள்ளானில் பணிபுரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் லினக்ஸ் குறுந்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நிறுவித் தந்தார். லினக்ஸ் எவரும் இலவசமாகப் படியெடுத்துக்கொள்ளத்தக்க இயக்க மென்பொருள்.

லினக்ஸ் பிறந்ததற்கும் மோடத்துக்கும் உறவு உண்டு. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், தம் வீட்டுக் கணிப்பொறியிலிருந்து மோடம் வழியே பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு பேசுவதற்காக ஒரு சிறு மென்பொருள் எழுதினார். அது வளர்ந்து வளர்ந்தே லினக்ஸ் ஆயிற்று. ஒருநாள் அவர் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய 'எண்ணைச் சுழற்று' என்னும் கட்டளையைத் தவறுதலாகத் தம் வன்வட்டுக்கே அனுப்பிவிட்டார். வட்டில் அதுவரை இருந்த மினிக்ஸ் என்னும் இயக்க மென்பொருள் பாழாயிற்று. அதனை மீண்டும் நிறுவாமல், தாம் எழுதிக்கொண்டிருந்ததையே முழுமையாக்கத் துணிந்தார். பெரியவர்களும் தவறான வாயிலைத் தட்டுவதுண்டு என்று இதனைப் படித்தபோது எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. காரணம் பின்னால் வரும்.

அந்தப் பழைய பொறிக்குள்ளேயே ஒரு மோடம் அட்டை செருகப்பட்டிருந்தது. தொலைபேசிக் கம்பியை அதில் இணைத்தோம். லினக்ஸ் அதனைக் கண்டுகொள்ளவே இல்லை. அட்டை பழுதென எண்ணி மூன்று முறை கழற்றித் துடைத்துச் செருகினோம். அட்டையில் பழுது ஒன்றுமில்லை என்பதும், அது பாதி மோடம் என்பதும் பின்னரே விளங்கின.

பாதி மோடம் என்றால் என்ன? எண்ணை ஒலியாக்கும் கணக்கு மிகக் கடினமானது. முழு மோடம் அக்கணக்கைப் போடுவதற்குத் தனக்கென ஒரு சிறு மூளையை உள்ளே வைத்திருக்கும். விலையைக் குறைக்க எண்ணியவர்கள் அந்த மூளையை எடுத்துவிட்டு, அவ்வேலையைக் கணிப்பொறியின் தலையிலேயே கட்டினர். அதற்கான மென்பொருளை விண்டோஸ் இயக்க மென்பொருளுக்கு மட்டுமே எழுதிக் கொடுத்தனர். ஆகவே இத்தகைய அட்டைகளை 'வின்மோடம்' என்று அழைத்தனர். தொழிலாளத் தோழர்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், கத்தியும் வாளியும் இன்றிப் பால் மரம் வெட்ட வந்த ஆளைப் போன்றது அது. பழைய முதலாளியின் கொட்டகையில் அவனுக்குக் கத்தி உண்டு. வேறு எங்குச் சென்றாலும் வெறுங்கைதான். தன்னார்வலர்கள் சிலர் இவ்வகை அட்டைகளில் சிலவற்றுக்கு லினக்ஸ் மென்பொருளைப் பின்னர் எழுதினர். எங்கள் அட்டைக்கு அஃது அமையவில்லை. அமைந்திருப்பினும், 133 மெகாஹெர்ட்ஸ் பொறி அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்கியிருக்குமா என்பது ஐயமே.

எனவே கோலாலம்பூரில் பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், வெளியே வைத்துப் பயன்படுத்தும் முழு மோடம் ஒன்றை 30 வெள்ளிக்கு வாங்கினோம். அதுவே நீங்கள் கண்ட கறுப்புப் பெட்டி. அதற்கு மூன்று கம்பிகள்: ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று தொலைபேசிக்கு, மற்றொன்று கணிப்பொறியின் பின்புறமுள்ள ஒன்பது ஊசி வாயிலுக்கு. முன்புறம் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். அவ்விளக்குகளைக் காணவே மாணவர்கள் சன்னலில் தொற்றிக்கொண்டு நின்றனர்.

மோடத்தோடு நேரே பேசிப் பார்க்க லினக்சில் மினிகாம் என்னும் மென்பொருள் உண்டு. அதனைத் திறந்து 'ஏ', 'டி' என்னும் இரு ஆங்கில எழுத்துகளைத் தட்ட வேண்டும். 'கவனி' என்பது அதன் பொருள். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் ஆள் குரல் கொடுப்பதுபோல, மோடம் உயிரோடிருந்தால் 'ஓகே' என்று திரையில் எழுதும். நாங்கள் தட்டினோம். விடை இல்லை. ஒரு மாலை முழுவதும் தட்டினோம். கம்பியை மாற்றினோம். கடைக்காரரையும் மனத்துக்குள் திட்டினோம். பிழை எங்களுடையது. விண்டோசில் 'காம் 1' எனப்படும் வாயிலுக்கு லினக்சில் 'டிடிஒய்எஸ் 0' என்று பெயர். லினக்ஸ் சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நாங்களோ முதல் வாயிலில் மோடத்தை மாட்டிவிட்டு, 'டிடிஒய்எஸ் 1' என்று இரண்டாம் வாயிலைத் தட்டிக்கொண்டிருந்தோம்! எண்ணைத் திருத்திய மறுகணம் திரையில் 'ஓகே' தோன்றிற்று. அந்த இரண்டு எழுத்துகளுக்காகத் தலைமையாசிரியர் அனைவருக்கும் தேநீர் வரவழைத்தார்.

அடுத்த தடை தொலைபேசியில். நம் பள்ளிக்குத் தனித் தொலைபேசி கிடையாது. தோட்ட அலுவலகத்தில் இருந்த சிறு இணைப்பகத்தின் கிளையே நம்முடையது. 9 அழுத்தினால்தான் வெளித்தொடர்பு கிடைக்கும். மோடமோ, தான் அறிந்த 'சுழற்றலாம்' என்னும் ரீங்காரம் கேட்டாலொழிய எண்ணைச் சுழற்றாது. அலுவலக இணைப்பகத்தின் ரீங்காரம் விட்டு விட்டு ஒலித்தது; அதனை மோடம் ரீங்காரமாகவே ஏற்கவில்லை. 'நோ டயல்டோன்' என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. இதற்கு மருந்து 'எக்ஸ்3' என்னும் கட்டளை. 'ரீங்காரத்துக்குக் காத்திராதே, சுழற்று' என்பது அதன் கருத்து. அதன்பின் 9, ஒரு காற்புள்ளி, 1515 என்று எழுதினோம். காற்புள்ளியைக் கண்டால் மோடம் இரண்டு நொடி நின்று மூச்சு வாங்கும். அதற்குள் வெளிக்கம்பி கிடைத்துவிடும். இலக்கணத்தில் காற்புள்ளிக்கு நாம் கற்பிக்கும் பொருளும் இதுவே அன்றோ!

மோடம் முதன்முறையாகப் பேசிய ஒலியை இன்றும் மறக்கவில்லை. எண்கள் சுழலும் ஒலி. மணி ஒலிக்கும் ஓசை. மறுமுனை மோடம் எடுத்தவுடன் 2,100 அதிர்வுள்ள நெடிய கூவல். 'நான் மனிதன் அல்லன், மோடம்' என்று அது கூறும் அறிமுகம். பின் இரு பக்கமும் தத்தம் திறமையை ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. அதன்பின் பல அதிர்வுகளை ஒருங்கே அனுப்பி, இக்கம்பி எவ்வொலியைத் தாங்குகிறது, எவ்வொலியைச் சிதைக்கிறது என்று சோதிக்கின்றன. இறுதியில் தகரக் கூரைமேல் பெருமழை பெய்தாற்போன்ற இரைச்சல். அது வெறும் இரைச்சலன்று. பிட்டுகளை வேண்டுமென்றே கலைத்து அனுப்புவதால் நம் செவிக்கு அவ்வாறு கேட்கிறது. இணைப்பு உறுதியானதும் மோடம் தன் ஒலிபெருக்கியை மூடிக்கொள்ளும். 'கனெக்ட் 26400' என்று திரை கூறிற்று. பெட்டியின் மேல் 56,000 என்று அச்சிட்டிருந்தும் பாதிகூட வராததற்குக் காரணம், தோட்டத்துக்குள் நெடுந்தொலைவு ஓடிவந்த பழைய செப்புக் கம்பியும், இடையிலிருந்த இணைப்பகமும். 26,400 பிட்டு என்றால் நொடிக்கு 3,300 எழுத்து. ஒரு திரைப்பாடலை இறக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதற்குப் பின் செய்தவற்றைச் சுருக்கமாகவே கூறுகிறோம். பயனர் பெயரையும் கடவுச் சொல்லையும் டபிள்யூவிடயல் என்னும் மென்பொருளின் கோப்பில் எழுதினால், சுழற்றுவது முதல் உள்ளே நுழைவது வரை யாவற்றையும் அதுவே செய்துவிடும். பெயர் சொன்னால் முகவரி எண் சொல்லும் கணிப்பொறி எது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். அதனை மறந்ததால் எங்களுக்கு மேலும் ஒருநாள் வீணாயிற்று.

வந்த முதல் மின்னஞ்சல், கல்லூரிக்குச் சென்றிருந்த முன்னாள் மாணவி ஒருத்தி தமிழில் எழுதியது. திரையில் தமிழ் தெரியவில்லை. தலைகீழ்க் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளுமாக ஏதோ தெரிந்தது. கடிதம் சிதையவில்லை. எண்கள் சரியாகவே வந்திருந்தன. அவற்றைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு மட்டும் எங்களிடம் இல்லை. அந்நாளில் தமிழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீட்டு முறைகள் வழங்கின. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவற்றால் விண்டோசில் தமிழ் எழுதுவது எளிதாகியிருந்தது. கோலாலம்பூரில் 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடும் நடந்திருந்தது. லினக்சில் திஸ்கி எழுத்துருவைத் தேடி நிறுவியபின், "அன்புள்ள ஆசிரியர்களுக்கு" என்று அந்தக் குப்பை திடுமெனக் கடிதமாக மாறிற்று. மாணவர்கள் கைதட்டினர். இன்று யூனிகோடு முறை எங்கும் பரவிவிட்டதால் இத்தொல்லை அரிதாகிவிட்டது. அம்மா என்னும் சொல் திஸ்கியில் 4 எண்ணாக அடங்கும். யூனிகோடில் வழக்கமாக அனுப்பும் வடிவில் 15 ஆகும். இன்றைய வேகத்தில் அது யாருக்கும் பொருட்டன்று.

இதுவரை கூறியது எளிது. இனிக் கூற வேண்டியதையும் கூறியே ஆக வேண்டும்.

அலுவலக இணைப்பகத்திலிருந்து வெளியே சென்ற கம்பி ஒன்றே ஒன்று. மோடம் பேசிக்கொண்டிருக்கும்வரை அக்கம்பியில் வேறு எவரும் பேச இயலாது. இதனை நாங்கள் அறிந்திருந்தோம். ஆயினும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை பதினோரு மணியளவில், 8 மெகாபைட் அளவுள்ள ஒரு மென்பொருளை இறக்கத் தொடங்கினோம். நாற்பது நிமிடமாகும் என்பது கணக்கு. விளக்குகள் மின்னுவதை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தனர். அந்நேரத்தில் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர்மீது மட்டை விழுந்து தோளிலும் கழுத்திலும் பலத்த அடி. மருந்தகத்து டிரசர் ஆம்புலன்சை அழைக்க ஓடிவந்து கிராணியிடம் சொன்னார். கிராணி தொலைபேசியை எடுத்தால் வெளிக்கம்பி இல்லை. மீண்டும் மீண்டும் எடுத்தார். கைத்தொலைபேசி அப்போது சிலரிடமே இருந்தது. நம் பக்கத்துப் பள்ளத்தில் அதற்கு அலையும் எட்டாது. கம்பியைப் பிடித்திருப்பது பள்ளிக்கூடம் என்று ஊகித்து அவர் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்வதற்குள் கால் மணி நேரம் கடந்துவிட்டது. அவர் வாசலில் நின்று சொன்னதைக் கேட்டவுடன் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடிபட்டவருடைய மகன் அந்த ஐந்தாம் ஆண்டு வகுப்பிலேயே, எங்கள் அருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அவர் பிழைத்துக்கொண்டார். வலக்கை மட்டும் முன்போல் உயரவில்லை; பின்னர் அவருக்கு நாற்று மேடையில் வேலை தந்தனர். அந்தக் கால் மணி நேரத்தால் என்ன மாறிற்று என்று மருத்துவர் கூறவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் தலைமையாசிரியரும் நாங்களும் லயத்தில் அவர் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய துணைவியார் எங்களுக்குப் பாய் விரித்து, காப்பி கொடுத்து, "பிள்ளைகள் படிப்புக்குத்தானே ஐயா செய்தீர்கள்" என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

அதன்பின் கணிப்பொறியில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். இணைப்பைப் பேணும் மென்பொருளுக்கு 'ஐடில் 120' என்று ஒரு வரி எழுதினால், இரண்டு நிமிடம் போக்குவரத்து இல்லையெனில் அது தானே கம்பியை விட்டுவிடும். 'மேக்ஸ்கனெக்ட் 900' என்று மற்றொரு வரி; என்ன வேலை நடந்துகொண்டிருப்பினும் பதினைந்தாம் நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். பெரிய கோப்புகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறக்க வழி இருந்ததால் அதனால் இழப்பு ஒன்றுமில்லை. இவை இரண்டும் எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை, கையேட்டில் எழுதியிருந்தன. மேலும், குலை வெட்டு முடிந்து ஆள்கள் திரும்பிய பிறகே, பிற்பகல் மூன்று மணிக்கு மேல், கிராணியிடம் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டு இணைப்பது என்று ஏற்பாடு. ஆண்டு இறுதியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டி அலுவலகத்துக்கு இரண்டாவது வெளிக்கம்பி வாங்கிக் கொடுத்தது. பணம் தந்தவர் பட்டியலில் அடிபட்டவர் பெயரும் இருந்தது.

அந்த மோடம் மேலும் சில ஆண்டுகள் உழைத்தது. பின்னர் அகண்ட அலைவரிசை வந்தது. தொலைபேசியும் இணையமும் ஒரே கம்பியில் ஒன்றையொன்று தடுக்காமல் ஓடின. ஜாரிங் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அமெரிக்காவில் மோடம் வழிச் சேவைக்குப் பெயர்பெற்ற ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30ஆம் நாளோடு அச்சேவையை நிறுத்திக்கொண்டது.

அம்மாணவன் கேட்ட இரண்டாவது வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பழைய கணிப்பொறி இன்னும் உயிர் பெறுகிறது. மோடத்தின் உட்புறமும் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. கருகிப் போனது அதன் மின்மாற்றி அடாப்டர் மட்டுமே. ஒன்பது வோல்ட் அடாப்டர் வீட்டில் சும்மா கிடந்தால் பெற்றோர்கள் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துதவக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அது மாறுமின்னோட்டம் தருவதாக இருத்தல் வேண்டும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் நேர்மின்னோட்ட அடாப்டர் இதற்கு உதவாது. கிடைத்தால், பள்ளி அலுவலகத்தின் உள்தொலைபேசியில் இரண்டு மோடங்களை இணைத்து, அடுத்த பொருட்காட்சியில் அந்த மழை இரைச்சலை உங்கள் அனைவருக்கும் கேட்கச் செய்வோம். இரண்டாவது மோடம் ஒன்றைத் தருவதாகப் போர்ட் கிள்ளான் முன்னாள் மாணவர் முன்பே சொல்லிவிட்டார்.